ஒரே முகம், இரண்டு கேமரா

கேமரா வாங்க நினைப்பவர்கள் திருத்தங்கலில் என் ஸ்டுடியோவுக்கு வந்தால் முதலில் கேட்பது, கேனானா சோனியா என்றுதான். நான் யாரையும் அவசரப்படுத்துவதில்லை, ஐயா. இரண்டுமே நல்ல கம்பெனி. எதை முக்கியமாக நினைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். கேனான்காரர்களுக்குத் தோலின் நிறம் முக்கியம். வெயிலில் கறுத்த முகத்தையும் இதமாகக் காட்டுவார்கள். சோனிக்காரர்களுக்குக் கண் முக்கியம். ஆள் எப்படி அசைந்தாலும் ஃபோகஸ் கண்ணைப் பிடித்த பிடி விடாது.

பன்னிரண்டு வருடம் கேனான்தான் வைத்திருந்தேன். போன சித்திரையில் சோனியும் வாங்கினேன். அன்றோடு நிம்மதி போயிற்று. ஒன்றில் எடுத்தால், மற்றதில் எப்படி வந்திருக்கும் என்று கை பரபரத்துக்கொண்டே இருக்கும். இருக்கன்குடிக் கோயில் கூட்டத்தில் ஒரே ஆளை இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன். கேமராவை மாற்றுவதற்குள் மேகம் நகர்ந்துவிடும். இல்லாவிட்டால் முகம் மாறிவிடும். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

"நீங்க மனுசங்களப் பாக்கீகளா, மெசினப் பாக்கீகளா?" என்று என் மனைவி மாரிசெல்வி ஒருநாள் கேட்டாள். நான் அவள் முகத்தையும் இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன்.

சாத்தூர்ப் பக்கம் பட்டாசு கம்பெனி வைத்திருக்கும் தருண்குமார், விளம்பரத்துக்குத் தொழிலாளர் படங்கள் கேட்டார். உள்ளே ஃபிளாஷ் கூடாது என்றார். நான் கொண்டுபோகவே இல்லை. விதிகளை மீறுகிறவன் அல்ல நான். வாணவெடிக்குள் வைக்கும் மணி மருந்தை வெயிலில் காயவைத்திருந்த மேடைக்கு முன்னால், அங்கே வேலை பார்க்கும் வேலுத்தாய் அக்காவை நிறுத்திவிட்டு, தூரத்தில் மதில் ஓரமாக நின்றுகொண்டேன்.

கேனானில் பார்த்தபோது, அக்காவின் தோளுக்குப் பின்னால் ஒரு மருந்துத் தட்டிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது. எடுத்தேன். அத்தனை நல்ல நிறம் எனக்கு அதுவரை அமைந்ததில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

அக்கா மூக்கைச் சுளித்தாள். "என்ன தம்பி, மருந்து கருகுற வாட அடிக்குதே?"

"ஒண்ணுமில்லக்கா. திரும்பாம அங்கனயே நில்லுங்க. என்னையப் பாத்து சிரிங்க."

சிரித்தாள். நான் சோனியைக் கையில் எடுத்தேன்.

பயத்தில் பேச்சு வரவில்லை என்று முதல் வாக்குமூலத்தில் உங்களிடம் சொல்லியிருந்தேன். அது உண்மையில்லை. இரண்டு படங்களுக்கும் நடுவே பதினோரு நொடி இருப்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அக்கா நின்ற இடத்திலிருந்து வெளிவாசல் இருபது தப்படிகூட இருக்காது. ஓடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடியிருப்பாள். பக்கத்து ஷெட்டில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பொன்னுத்தங்கத்தையும் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். நான் நிற்கச் சொன்னேன். அதனால்தான் நின்றாள். இரண்டாவது படத்தை எடுத்துவிட்டு மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் மேடை வெடித்தது. இருவரும் பிழைக்கவில்லை.

தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஓடுகிற முகத்தைச் சோனியில் எடுத்து ஒப்பிட்டிருந்தால், அது கேனானுக்கு அநியாயமாகப் போயிருக்கும். எந்தக் கம்பெனிக்கும் நான் ஓரவஞ்சனை செய்ததில்லை, ஐயா.