பிரகதீஸ்வரிக்குக் கட்டிய ஜடை

கல்யாணப் பெண்ணுக்கு எந்த ஜடை என்பதை அவள் அம்மாவைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது மேடம். பதினேழு வருட அனுபவத்தில் சொல்கிறேன். அம்மாக்கள் தங்கள் கல்யாணத்தில் நிறைவேறாததை எல்லாம் மகள் தலையில் ஏற்றப் பார்ப்பார்கள். மகளோ போனில் பார்த்த யாரோ ஒருத்தியின் கொண்டையைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்பாள். இரண்டு பேரையும் விட்டுவிட்டு முடியைப் பார்க்கத் தெரிந்தவள்தான் பார்லர் வைக்க வேண்டும்.

பிரகதீஸ்வரியும் கொண்டைதான் கேட்டாள். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, திருவையாற்றில் இருக்கும் என் பார்லருக்கு அம்மாவோடு வந்தாள். பின்னலை அவிழ்த்துப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இருந்தது, அடி வரைக்கும் ஒரே அடர்த்தி. இப்படி ஒரு முடியைச் சுருட்டிக் கொண்டையாக வைப்பது பாவம். ராக்கொடி வைத்து, மல்லிகை மொட்டு கோத்து, அடியில் குஞ்சலம் கட்டி முழு ஜடை போடலாம் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க இஷ்டம்க்கா" என்றாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா வாயைத் திறந்தார். "ஒட்டு முடியெல்லாம் எம்பொண்ணுக்கு வேணாங்க. எல்லாம் சொந்த முடி. எங்க வீட்டுல யாரும் சவுரி வச்சு ஊர ஏமாத்துனது இல்ல."

முகத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் சாவித்திரி நன்றாகப் பெருத்துவிட்டார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

பதினோரு வருடம் முன்பு அவருடைய மூத்த மகனுக்கு என் தங்கை அனுராதாவைப் பேசி முடித்திருந்தோம். பாபநாசத்தில் ஒரு மண்டபத்தில் நிச்சயம். எங்கள் பக்கத்தில் பூ வைக்கும் சடங்கு உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளையின் அம்மா எல்லார் முன்னிலையிலும் பெண்ணை மணையில் உட்கார வைத்து, தன் கையால் தலையில் பூ வைப்பார். அனுராதாவுக்கு டைபாய்டு வந்து முடி கொட்டியிருந்த நேரம். சவுரி வைத்துத்தான் பின்னியிருந்தது. சாவித்திரி பூச்சரத்தைச் செருகுகிறேன் என்று பின்னலைப் பிடித்து இழுத்தார். சவுரி முழுசாக அவர் கையோடு வந்துவிட்டது.

அதை அவர் கீழே வைத்திருக்கலாம். மேலே தூக்கிக் காட்டினார். "எவ கட்டுனா இத? மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டுற குஞ்சம்கூட இதவிட நிக்குமே" என்றார். இருநூறு பேர் சிரித்தார்கள். நாதஸ்வரக்காரர்கூட வாத்தியத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார். முடியிலேயே ஏமாற்றுகிறவர்கள் வேறு எதில் எல்லாம் ஏமாற்றுவார்களோ என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அனுராதா ஒரு மாதம் வாசலுக்கு வரவில்லை. என் வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

சாவித்திரிக்கு என்னைத் தெரியவில்லை. அன்றைக்கு என் முகத்தை எங்கே பார்த்தார்.

பிரகதீஸ்வரிக்கு நெற்றி ஓரத்தில் ஏழெட்டு நரை இருந்தது. போட்டோவில் தெரியும், டை அடித்துவிடலாம் என்றேன். டை அடிப்பதற்கு முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவிப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். தடவி அனுப்பினேன். இரண்டாம் நாள் போனில் படம் அனுப்பியிருந்தாள். காது மடல் தடித்துச் சிவந்து, கழுத்து வரை கொப்புளம். "அக்கா, இது நார்மலா? கொஞ்சம் மூச்சு வாங்குச்சு" என்று கேட்டிருந்தாள். வெயிலுக்கு வந்திருக்கும், சந்தனம் தடவும்மா என்று பதில் போட்டேன். அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முடி கொட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியம் தலை முழுக்க டை வைத்தேன். நரை இருந்த இடத்துக்கு மட்டும் வைத்திருக்கலாம். முக்கால் மணி நேரம் ஊற விட்டேன். எரிகிறது என்றாள். அப்படித்தான் இருக்கும் என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மண்டபத்தில் மணமகள் அறைக்குப் போனபோது அவள் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. உதடு தடித்திருந்தது. சாவித்திரி அழுதுகொண்டிருந்தார். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிரலாமாங்க?" என்று என்னைத்தான் கேட்டார், தொழில் தெரிந்தவள் என்று. ஊசி போட்டால் தூங்கி விழுவாள், மணையில் உட்கார முடியாது, தாலி ஏறியதும் போகலாம், வீக்கத்தை மேக்கப்பில் மறைத்துவிடுகிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக் கும்பிட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு பின்ன ஆரம்பித்தேன். தலைத்தோல் வீங்கி நீர் கோத்திருந்தது. இறுக்கிப் பின்னினேன். ராக்கொடி வைக்கும்போது, "அக்கா, மூச்சு விட முடியலக்கா" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றேன். பாதி மொட்டுதான் கோத்திருந்தது. மூச்சு முட்டுகிறது என்று எனக்குத் தெரியவில்லையா என்று கேட்கிறீர்கள். தெரிந்தது. கதவைத் திறந்து கூப்பிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. ஆனால் பாதியில் விட்டால் ஜடை அவிழ்ந்துவிடும் மேடம். குஞ்சலம் கட்டி முடித்த பிறகுதான் கதவைத் திறந்தேன். உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்களாம், போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

தங்கைக்காகச் செய்தேன் என்று முதலில் சொன்னேன். நேற்று அனுராதா வந்து பார்த்தாள். மயிலாடுதுறையில் வாத்தியாருக்கு வாக்கப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். "என் பேரச் சொல்லாதக்கா. அந்த வீட்டுக்குப் போகாம தப்பிச்சேன்னு உங்கிட்டயே எத்தன தடவ சிரிச்சிருக்கேன்" என்றாள்.

அவள் சொல்வது சரிதான். அன்றைக்கு மண்டபத்தில் எவ கட்டுனா என்று கேட்டுத்தான் சிரித்தார்கள். அந்தச் சவுரியைக் கட்டியது நான். ஆகவே வாக்குமூலத்தில் அவள் பெயரை அடித்துவிட்டு பூர்ணிமா என்று என் பெயரை மட்டும் போடுங்கள்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். பிரேதப் பரிசோதனையில் அந்த ஜடையை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் வைத்து வெட்டினார்களாம். இதைச் சாவித்திரியிடம் யாராவது சொன்னீர்களா?