பதினொரு மணி டெமோ

எனக்கு எதுவும் சொன்ன நேரத்துக்கு நடக்க வேண்டும், ஐயா. சட்டை தைக்கக் கொடுத்தாலும் சொன்ன தேதியில் போய் நின்றுவிடுவேன்.

என் தங்கை கணவர் அந்த ரகமில்லை. வாயு கசிந்தால் மணியடிக்கும் கருவி ஒன்றை ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தார். செலவில் பாதி ஆராய்ச்சி நிதியம் தரும், மீதி தனியார் கூட்டாளி. கூட்டாளி டெமோ பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் நிதியமும் அடுத்த தவணையை விடும். அந்தக் கூட்டாளியைப் பிடித்துக் கொடுத்தவன் நான். இல்லையென்றால் அந்த மகா விஞ்ஞானி இன்னும் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒயர் சுற்றிக்கொண்டிருப்பார். எங்கள் கம்பெனியில் அவருக்கு 'இன்னொரு தடவை' என்று பெயர். எதைக் காட்டினாலும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்பார்.

டெமோவுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, சோதனை அறையில் மணி நான்கு முறை தானாக அடித்தது. வாயு சிலிண்டரின் வால்வு மூடித்தான் இருந்தது.

"எங்கயோ கசியுதோ என்னவோ, மச்சான். ஒரு வாரம் தள்ளிப் போடுங்களேன்."

"தள்ளினா அவங்க வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க மாப்ளே. அப்புறம் நீங்களும் உங்க கருவியும் வீட்டுல உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கலாம்."

அவர் சாப்பிடப் போனதும் மணியின் ஒயரைக் கருவியிலிருந்து பிரித்து, வெளியே என் மேஜைக்கு அடியில் ஒரு சுவிட்சில் இணைத்தேன். அவர் வால்வைத் திறந்ததும் நான் அழுத்துவேன், மணியடிக்கும், கை தட்டுவார்கள். யாருக்கு என்ன நஷ்டம்? அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நியாயம் பேச ஆரம்பித்துவிடுவார்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கூட்டாளிக் கம்பெனியின் தலைவர் பேச எழுந்தார்.

"அவர் பேசி முடிக்கறதுக்குள்ள இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடறேன் மச்சான். கசிஞ்சா மணி சொல்லிடும்" என்று இவர் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தான் செய்த கருவிமேல் அவ்வளவு நம்பிக்கை.

என் முன்னால் கருவியின் திரை இருந்தது. வால்வைத் திறக்காமலே எண் ஏறியது. மூன்றாவது நிமிடம் சிவப்பைத் தொட்டது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆள் சாய்ந்துவிடுவான் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குப் புரிந்தது. விரலும் சுவிட்சின் மேல்தான் இருந்தது. ஆனால் தலைவர் கூட்டு முயற்சியின் பெருமையில் பாதிதான் வந்திருந்தார். நடுவில் மணியடித்தால் கருவி கோளாறு என்றல்லவா நினைப்பார்கள்? மேலும் ஒன்பது நிமிடம் பேசினார். முடித்ததும் அழுத்தினேன். நல்ல கைதட்டல். கையெழுத்தும் ஆயிற்று. பிறகுதான் கதவைத் திறந்தோம்.

தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். அவள் குடும்பத்துக்காகத்தானே இவ்வளவும் செய்தேன். நீங்கள் கொலை என்று எழுதுங்கள், ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் சேருங்கள்: கருவி இரண்டு நாளும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அடுத்த தவணை வாங்க அந்த ஒரு வரி போதும்.