மஞ்சள் கோடு

குறைந்த காற்றில் பாய்ப்பலகை ஓட்ட நினைப்பவன் முதலில் தன் எடையை ஒப்புக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள். சாய்கிருஷ்ணா தொண்ணூற்றிரண்டு கிலோ. என்னிடம் எண்பது என்றுதான் சொன்னான்.

நான் லூர்துசாமி. புனேயில், கட்கியில் பிறந்தவன். போசரியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரச் சோதனை பார்த்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கடக்வாஸ்லா ஏரிக்குப் போய், எங்கள் கிளப்பில் எல்லோருடைய பலகைகளையும் பொருத்திக் கொடுப்பேன்.

ஹைட்ரோஃபாயில் ஒன்றும் பெரிய வித்தையில்லை. பலகைக்கு அடியில் ஒரு தண்டு, அதன் நுனியில் ஓர் இறக்கை. வேகம் பிடித்தால் பலகை தண்ணீரை விட்டு முழங்கால் உயரம் எழும்பும். புனே காற்றுக்கு அகலமான, தடித்த இறக்கைதான் சரி. சாய்கிருஷ்ணாவுக்கு இரண்டு மணி நேரம் படம் போட்டு விளக்கினேன். சென்னையிலிருந்து வந்து ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் தட்டுகிற அந்த மேதை, போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு ஒல்லியான நீள இறக்கையை வரவழைத்தான்.

"நை சலேகா தம்பி, சரிப்படாது. ஒன் வெயிட்டுக்கு இது எழும்பாது" என்றேன்.

"அங்கிள், நீங்க சொல்றதெல்லாம் பழைய டிசைன். நீங்க போல்ட்டை மட்டும் பாத்துக் குடுங்க."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. முட்டாள்கள்மேல் கோபப்பட ஆரம்பித்தால் வேறு வேலை பார்க்க முடியாது.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறுக்கிச் சோதித்த போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம். கோடு இருந்தால் அடுத்தவன் தொட மாட்டான். கிளப்பிலும் அதையே பழக்கியிருந்தேன். சாய்கிருஷ்ணாவும் கோட்டைப் பார்ப்பான், கட்டைவிரலை உயர்த்துவான், தண்ணீரில் இறங்குவான். படித்தவனாம். கையால் ஒருமுறை ஆட்டிப் பார்க்கத் தோன்றாது.

போன ஞாயிறு தண்டின் நான்கு போல்ட்டுகளையும் விரலால் மட்டும் திருகினேன். கோடுகளைக் கவனமாக இழுத்தேன். நான் எதையும் கழற்றவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எழும்பாத பலகைக்கு இறுக்கம் எதற்கு? மிதந்தபடியே திரும்பி வருவான், அவ்வளவுதான்.

அவன் மனைவி ஸ்ரீவித்யா கரையில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏரி நடுவில் தண்டு கழன்றது. அவன் முன்னால் போய் விழுந்தான். பின்னால் புரண்டு வந்த இறக்கையின் விளிம்பு கழுத்தில் இறங்கியது. விளிம்பு கூர்மை என்று அவன் வாங்கும்போதே சொல்லியிருந்தேன். படகு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

"மஞ்சக் கோடு இருக்கு, அங்கிள் பாத்தாச்சுன்னு சொல்லிட்டுத்தான் எறங்கினாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கு முந்தைய ஞாயிறே அவன் எழும்பினானே, அதைப் பார்த்துத்தானே இதைச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். மூன்று சுற்று வந்தான், கிளப்பே கைதட்டியது. அவள் எடுத்த படத்திலும், விழுவதற்கு முன் முழங்கால் உயரத்தில் பறக்கிறான். இருக்கட்டும்.

அவனைக் கொன்றது நான்தான். இந்த வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தக் காற்றில் அந்த இறக்கை எழும்பாது.