சுனாமிக்கு ஐம்பத்தேழு வருஷம் முன்னால்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் கடலூர் சமுதாயக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தும் இருவர்.

“சுதந்திரம் எப்ப கெடச்சுதுன்னு கேட்டா, சுனாமிக்கு அம்பத்தேழு வருஷம் முன்னாடின்னு எழுதியிருக்காங்க சார்.”

“யாரு? மீன் வித்துட்டு தேவனாம்பட்டினத்துலேருந்து வர்றாங்களே, அந்தம்மாவா?”

“அவுங்கதான். பேப்பர் பூரா எல்லா வருஷமும் அப்படித்தான். மொதல்ல செவப்புல அடிச்சிட்டேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பாத்தா ஒண்ணுகூட தப்பில்ல. மார்க் போட்டுட்டேன்.”

“அதெப்படி மேடம் போடுவீங்க?”

“ராஜா பட்டத்துக்கு வந்ததுலேருந்துதான கல்வெட்டுல வருஷத்த எண்ணியிருக்கான்? அத மட்டும் பாடம்னு நடத்துறோமே சார்.”

ஆலப்பாக்கம் தாண்டியதும் சார் குரலைத் தாழ்த்தினார்.

“என் பேப்பர்லயும் அப்படித்தான் எழுதியிருந்தாங்க. நான் முட்டை போட்டுட்டேன்.”

“அதான் நேத்து, இனிமே வரலன்னு சொல்லிட்டுப் போனாங்களா?”

“நேத்துதான் மேடம் கிளாஸ்ல மார்க்கப் படிச்சேன்.”

“மார்க் லிஸ்ட் அனுப்பிட்டீங்களா சார்?”

“நாளைக்கு காலையில அனுப்பணும். பேப்பர் காலேஜ்லதான் இருக்கு.”

புதுச்சத்திரத்தில் அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். “சிதம்பரம்னுதான சார் டிக்கெட் எடுத்தீங்க?” என்றார் கண்டக்டர். பேருந்து கிளம்பியபோது, கடலூர் பஸ் நிற்கும் பக்கத்துக்கு அவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.