பிராஞ்சுக்காரன் வீட்டில் அடைபட்ட நாள்

ஓடுகிறோம். அறுத்த வயல். நெல் தாள் உள்ளங்காலைக் கிழிக்கிறது. இடுப்பில் என் மகள். பின்னால் துப்பாக்கி. டப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டப். என் புருஷன் காளியப்பன் கத்துகிறான்.

"குனிஞ்சு ஓடு! குனிஞ்சு ஓடு!"

தை மாதம். நன்னிலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். திராவிட ஆட்சி வந்த புதிது. எங்கள் தெருவும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தது. கூலி கூட்டிக் கேட்டோம். மிராசுதார் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார். மேலண்டை வயலை அறுத்துவிட்டார்கள். கீழண்டையில் நாங்கள் வரப்பேறி மறித்தோம். மத்தியானம் லாரியில் அடியாட்கள் வந்தார்கள். முதலில் எங்கள் கூரைகள் எரிந்தன. பிறகு சுட்டார்கள்.

தெருச் சனம் மொத்தத்துக்கும் ஒளிய இடமில்லை. வெட்டவெளி. நடுவில் ஒரே கட்டடம். அதை பிராஞ்சுக்காரன் வீடு என்போம்.

காரைக்காலிலிருந்து வந்த பிரெஞ்சு வியாபாரி ஒருவன் கட்டியது. அந்தக் காலத்தில் குதிரையில் வரும் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து வீட்டையே கோட்டையாக்கினானாம். செங்கல், சுண்ணாம்பு. ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அகலத்துக்குச் சுவர். நாலு மூலையிலும் உருண்டைக் கொத்தளம். சுற்றிலும் அகழி. அவன் வம்சம் கப்பலேறிய பின் மிராசுதார் குடும்பம் வாங்கி நெல் கொட்டி வைத்தது. வருஷாவருஷம் சுவருக்கு வெள்ளையடித்தது நாங்கள். வெளிப்பக்கம் மட்டும். வாசற்படியில் எங்கள் கால் பட்டதில்லை.

காவல்காரர் சிங்காரம் அகழிப் பாலத்தில் நிற்கிறார். மிராசுதாரின் சாதி. அவர் வீட்டுச் சோறு. நான் நின்றுவிட்டேன். சிங்காரம் எங்களைப் பார்த்தார். எரியும் தெருவைப் பார்த்தார். கதவைத் தள்ளினார்.

"உள்ள வாங்க."

எங்களை அவர் 'வாங்க' என்றது அன்றைக்குத்தான்.

உள்ளே இருட்டு. நெல் வாசம். குறுக்குச் சட்டத்தைப் போட்டார்கள். சுவரில் துப்பாக்கி நீட்டச் சந்துகள். உள்ளே அகலம், வெளியே ஒரு கை நுழையும் இடுக்கு. குண்டுகள் செங்கல்லில் பொரிந்தன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

வெளியே மிராசுதாரின் மகன் குரல். "சிங்காரம், கதவத் திற."

"திறக்க மாட்டேங்க."

"யார் வீடுடா இது?"

"உங்க வீடுதாங்க. திறந்தா இவங்களக் கொன்னுடுவீங்க. திறக்க மாட்டேங்க."

சத்தம் அடங்கியது. அப்புறம் ஒரு சரசரப்பு. வைக்கோல். கட்டுக்கட்டாகக் கதவில் சாத்துகிறார்கள்.

கதவு பற்றியது. புகை உள்ளே வந்தது. போக வழியில்லை. அந்த வீட்டுக்கு ஜன்னலே கிடையாது. கொத்தளத்துச் சுழல்படியில் ஏறினோம். ஒவ்வொரு சந்திலும் ஒரு குழந்தையின் முகத்தை அழுத்திப் பிடித்தோம். என் மகள் மூச்சு இழுக்கிறாள். அவள் முதுகில் என் கை. பக்கத்தில் எங்கள் தெருக் குஞ்சம்மா தன் கைக்குழந்தையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அது அழுவதை நிறுத்தியிருந்தது.

கீழே காளியப்பனும் சிங்காரமும். உள்ளறைக் கிணற்றில் இறைத்துக் கதவில் ஊற்றுகிறார்கள். வாளி மோதும் சத்தம் கேட்டது. இருமல் கேட்டது. "மேலயே இருங்க!" என்றான் காளியப்பன். பிறகு வாசல் கூடத்தின் உத்தரம் முறிந்து மேல்தளம் இறங்கியது. பெரிய சத்தம். அதற்குப் பின் வாளிச் சத்தம் இல்லை.

பொழுது சாயப் போலீஸ் வேன் வந்தது. அடியாட்கள் போய்விட்டிருந்தார்கள். அத்துமீறி நுழைந்ததாக எங்கள் மேலும் வழக்கு எழுதினார்கள்.

போனது இவ்வளவு. எங்கள் தெரு முழுதும். வயல் வரப்பில் குண்டடிபட்ட மருதாயி. குஞ்சம்மாவின் ஆண் குழந்தை, பெயர் வைக்கவில்லை. என் புருஷன் காளியப்பன். சிங்காரம். வீட்டில் போனது ஒரு கதவும் ஒரு கூடத்தின் மேல்தளமும்.

சிங்காரத்தின் உடலை வாங்க அவர் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. இரண்டு நாள் பார்த்தோம். பிறகு நாங்களே தூக்கினோம். எங்கள் இடுகாட்டில், காளியப்பனுக்குப் பக்கத்தில் புதைத்தோம்.