கதவோரம் நாற்பது நிமிடம்

பூண்டு எனக்கு ஆகாது. மூன்றாவது வீட்டில் ஒரு பல் உரித்தால் போதும், இங்கே எனக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே என் மனைவி அதைச் சமையலில் சேர்ப்பதில்லை. தொழிற்சாலையிலும் எனக்கு ‘மூக்கு’ என்றுதான் பெயர். எங்கே எது கருகினாலும் கசிந்தாலும் முதலில் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். இதை என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் கம்ப்யூட்டர் சிப் செய்கிறவர்கள். இரண்டு வருடமாக யாரைக் கேட்டாலும் சிப் வேண்டும் என்கிறார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் எதிர்க் கம்பெனி. எங்கள் கேன்டீன் ஜன்னலில் நின்றால் அவர்கள் வண்டி நிறுத்தும் இடம் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலும் அது நிரம்பி வழியும். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவேன். புதிய பிராசசரின் மாதிரியை யார் முந்திக் கொடுக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் மூன்று வருட ஆர்டர். அந்த மாதிரியைச் செய்யும் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர்.

எங்கள் இயந்திரம் ஒன்றில் ஆர்சின் என்ற விஷவாயு ஓடுகிறது. கசிந்தால் பூண்டு வாசனை வரும். வாசனை வருமுன்பே மணி அடிக்க ஒரு கருவி உண்டு. மாதிரி முடியவிருந்த வாரம் அது மூன்று முறை அடித்தது. ஒவ்வொரு முறையும் அத்தனை பேரும் வெளியே ஓடி, தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு வர அரை நாள் போனது. உள்ளே இருந்த சிலிக்கான் தட்டுகளும் பாழ். தேடிப் பார்த்தார்கள், கசிவு அகப்படவில்லை. வியாழக்கிழமை காலை, கருவி பராமரிப்பில் இருப்பதாகப் போட்டு மணியை நிறுத்தினேன். இரண்டு பொத்தான்கள்தான்.

அந்த இயந்திரம் இருக்கும் அறையில் தனியாக அதை ஓட்டுகிறவன் என் மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். பதினொரு மணிக்குக் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டான்.

“மாமா, ஏதோ பூண்டு மாதிரி இருக்கு. எனக்கு சளி வேற, சரியாத் தெரியல. உங்க மூக்குதான் சொல்லணும்.”

வாசலில் நின்றபடியே முகக்கவசத்தை இறக்கி மூச்சை இழுத்தேன். உள்ளே கடைசிச் சுற்றுத் தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. முடிய நாற்பது நிமிடம்.

“ஒண்ணும் இல்லடா, பயந்தாங்கொள்ளி. முடிச்சுட்டு வா, சேர்ந்து சாப்பிடலாம்.”

“நீங்க சொன்னா சரி மாமா.”

அந்த உடுப்பில் கண் மட்டும்தான் தெரியும். ஆனாலும் அவன் சிரித்தது தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவனை விட்டுவிட்டு எங்கும் போகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம், ஆர்சின் ரத்தத்தைச் சிதைத்ததில் அவனுக்குச் சிறுநீர் கறுத்துப் போனது. சனிக்கிழமை போய்விட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே, உங்களுக்குக்கூடவா தெரியல?” என்று அழுதாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மாதிரியை நான்கு நாள் முந்திக் கொடுத்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கம்தான் வண்டி நிறுத்த இடமில்லை.

கருவி பழுது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். கருவியில் பழுது இல்லை. என் மூக்கிலும் இல்லை. கதவு திறந்ததுமே வாசனை குப்பென்று அடித்தது. அதனால்தான் நான் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.