எடுங்க

காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்வது, என் மனைவியின் கைப்பேசியில் அடிக்கும் அலாரத்தை நிறுத்துவது. வேலைக்குக் கிளம்ப அவள் வைத்த அலாரம். இரவில் மறக்காமல் சார்ஜ் போடுவதால் இன்னும் அடிக்கிறது. பிறகு தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன். முகம் மழிக்கிறேன். சட்டையில் காலரை மட்டும் தேய்க்கிறேன். மேலே ஸ்வெட்டர் போடுவதால் மற்றது தெரியாது. ஜன்னல் விளிம்பில் ஒரு பல்செட் இருக்கிறது. அதன் மேல் உள்ள தூசியைத் துடைக்கிறேன். இன்றும் இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவள் பல் மருத்துவமனையில் பல்செட் செய்கிற வேலையில் இருந்தாள். செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமல் போன யாரோ ஒருவருடைய பல் அது. கல்யாணமான புதிதில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அம்மா இல்லை. வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "இதாங்க என் மாமியார். பல்லு மட்டும்தான் இருக்கு, நாக்கு கிடையாது. அதனால எங்களுக்குள்ள சண்டையே வர்றதில்ல" என்பாள்.

யாரும் கூப்பிடாமல் ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். பழைய பாலத்துக் கால்வாயின் மதகுக்காரருக்கு நாளை தீர்ப்பு. அவர் விசில் ஊதாமல் மதகைத் திறந்தார், அதனால் என் மனைவி இறந்தாள் என்பது வழக்கு. அந்த வாக்குமூலத்தின் கீழ் என் கையெழுத்து இருக்கிறது. அதில் ஒரு திருத்தம். அவர் ஊதினார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். புரிந்துகொள்வது கடினமில்லை.

இருட்டிய பிறகு இந்த ஊரில் நடப்பவற்றைப் படம் எடுப்பது என் வேலை. பணிமனையில் பேருந்துகளைக் கழுவுகிறவர்கள், சவ வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கும் டிரைவர், ரொட்டி அடுப்புக்கு முன்னால் சட்டையில்லாமல் நிற்பவர்கள். வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டும். அப்படி எடுத்த படத்தில் நடமாடுகிறவர்கள் விழமாட்டார்கள். கேமரா முன்னால் ஒரு கூட்டமே கடந்து போயிருக்கும், படத்தில் தெரு காலியாக இருக்கும். அசையாமல் நிற்பவர் மட்டும்தான் மிஞ்சுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

காலியான இடத்தில் ஒரு ஆள் நின்றால்தான் அளவு தெரியும். அதற்காக அவளைக் கூட்டிப்போவேன். பகலெல்லாம் மெழுகும் சுண்ணமும் பிசைந்துவிட்டு என்னோடு வருவாள். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும். நான் ஆந்தைக்கு வாக்கப்பட்டிருக்கேன், முழிச்சிருந்தா போதும்" என்பாள். குறை ஒன்றுதான். அவளால் அசையாமல் நிற்க முடியாது. மூக்கைச் சொறிவாள், சிரிப்பாள், காலை மாற்றுவாள். படத்தில் தலையில்லாத மழைக்கோட்டு ஒன்று மட்டும் நிற்கும்.

"பள்ளிக்கூட குரூப் போட்டோலயே எனக்கு ரெண்டு தலைங்க. இப்ப ஒண்ணுகூட இல்லாமப் பண்ணிட்டீங்க."

"ஆடாம நின்னா இருக்கும்" என்பேன்.

"எங்க டாக்டர் எடுத்தா ஜனங்க அழுவாங்க. நீங்க எடுத்தா எனக்குத் தூக்கம் வருது. ரெண்டு பேருமே 'எடுக்கிறேன், ஆடாதே'ன்னுதான் சொல்றீங்க."

பழைய பாலத்தின் கீழே இருக்கும் கால்வாய் உங்களுக்குத் தெரியும். கடல் உள்வாங்கும்போது தரை வெறும் சேறாகிவிடும். பின்னர் மதகைத் திறந்து ஊரின் கழிவுநீரை விடுவார்கள். இடையில் கிடைக்கும் நேரத்தில் சிலர் இறங்கி இரும்பும் பாட்டிலும் பொறுக்குவார்கள். என் தொகுப்பில் இல்லாதது அந்த இடம் மட்டும்தான். மதகுக்காரரிடம் அனுமதி கேட்டோம். பெரிய உடம்பு, சிவப்புக் கண்ணாடி போட்ட கைவிளக்கு.

"படம் புடிங்க தம்பி, வேணாங்கல. விசில் ஊதிட்டேன்னா மட்டும், பொண்டாட்டி கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காம மேல ஏறிடணும்."

"அதப்பத்திக் கவலைப்படாதீங்கண்ணே" என்றாள் அவள். "இவரு பொண்டாட்டி சும்மா கூப்பிட்டாலே திரும்பிப் பார்க்க மாட்டாரு."

அவர் வெகுநேரம் சிரித்தார். நல்ல மனிதர்.

அன்று மாலை மழை பெய்திருந்ததால் பொறுக்குகிறவர்கள் வரவில்லை. நான் கேமராவைக் கரையோரக் கல்லில் நிறுத்தினேன். அவள் சேற்றில் இறங்கி, நான் காட்டிய இடம்வரை போய், விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போலக் காலை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஆடாதே" என்றேன்.

"நின்னா சேறு கவ்வுதுங்க. அதான் மாத்துறேன்."

"ஒரே ஒரு தடவை ஆடாம நில்லு. ஒண்ணே ஒண்ணு போதும்."

நின்றாள். நான் ஷட்டரைத் திறந்து, நேரம் முடிந்ததும் மூடி, திரையைப் பார்த்தேன். தலை இருந்தது. முகம் இருந்தது. கொஞ்சம் கலங்கலாக, ஆனாலும் இருந்தது. இன்னொன்று எடுத்தால் சரியாக வரும் என்று தெரிந்தது.

விசில் அப்போதுதான் கேட்டது. நீளமாக மூன்று முறை ஊதினார். கேட்கவில்லை என்று நான் சொல்ல வழியில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது.

அவள் காலை இழுத்துப் பார்த்தாள். "கால் வரலைங்க" என்று சிரித்தாள். முழங்கால் வரை உள்ளே போயிருந்தது. விளக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிவிட்டு என்னைப் பார்த்து, "எடுங்க" என்றாள்.

நான் எடுத்தேன்.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது. புத்தகத்தின் பெயரே 'எடுங்க'தான். தண்ணீர் பாலாடை போல் அவள் இடுப்பைச் சுற்றி நிற்கும். ஓடுகிற தண்ணீர் நீண்ட படத்தில் அப்படித்தான் விழும். முகம் துல்லியமாக இருக்கும். அவளால் நகர முடியவில்லை, என்னைத் தவிர வேறெங்கும் பார்க்கவுமில்லை. இத்தனை வருடத்தில் அன்றுதான் அவள் அசையாமல் நின்றாள்.

ஷட்டர் திறந்திருக்கும்போது குறுக்கே போனால் படம் கெட்டுவிடும் என்று நினைத்தாயா என்று கேட்கலாம். கெடாது. நடப்பவர் படத்தில் விழமாட்டார் என்று சொன்னேனே. நான் இறங்கிப் போயிருந்தால் என் நிழல்கூட அதில் இருந்திருக்காது. அவள்தான் அசைந்திருப்பாள்.

புத்தகத்தில் உள்ள படத்தின் இடது ஓரத்தை நான் வெட்டியிருக்கிறேன். வெட்டாத படம் இந்தப் பென்டிரைவில் இருக்கிறது. அதில் பாலத்துப் படிக்கட்டின் மேலிருந்து சேறு வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இறங்கி வரும். அது மதகுக்காரரின் விளக்கு. விசில் ஊதி, மதகைத் திறந்த பிறகு எங்களைப் பார்த்து, ஓடி இறங்கியிருக்கிறார். படத்தில் ஆள் விழவில்லை, விளக்கு விழுந்திருக்கிறது. விசில் சத்தம் படத்தில் வராது. ஆனால் ஊதாதவர் அப்படி ஓடிவரமாட்டார். உங்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

தண்ணீருக்குள் குதித்தவர் அவர்தான். படம் முடிந்ததும் நான் திரையைப் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. அதன் பிறகு நானும் இறங்கினேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. மருத்துவமனை வராந்தாவில் அவளுடைய அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "விசில் கேட்டிருந்தா ஏறியிருப்பீங்கல்ல மாப்ள? அந்தப் படுபாவி ஊதவே இல்லதானே?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் இருப்பவன் தலை குனிந்தால் ஆமாம் என்று அர்த்தம் போலிருக்கிறது. அவரே இங்கே வந்து புகார் கொடுத்தார். வாக்குமூலம் என்னிடம் வந்தபோது எல்லாம் எழுதி முடித்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி.

பிறகு மச்சான் இன்னொன்றும் கேட்டார். "கடைசியா என்ன சொன்னா மாப்ள?"

"எடுங்கன்னு சொன்னா" என்றேன்.

"சாகும்போதும் உங்க படத்தையே நினைச்சிருக்கா பாருங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர்தான் எல்லாரிடமும் சொன்னார். கண்காட்சியில் அந்தப் படத்தின் கீழே அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதி வைத்தார்கள். முன்பின் தெரியாத பெண்கள் அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் அங்கே நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ப் பல்செட்டைத் துடைத்தேன்.

அவள் எடுங்க என்று சொன்னது உண்மை. தமிழில் அந்தச் சொல்லைப் படத்துக்கும் சொல்லலாம், பல்லுக்கும் சொல்லலாம், சேற்றில் மாட்டிய காலுக்கும் சொல்லலாம். கேட்பவன் தன் தொழிலுக்கு ஏற்ற பொருளைத்தான் எடுத்துக்கொள்வான். நான் படம் எடுக்கிறவன். இதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. தவறாகக் கேட்டுவிட்டேன், அவ்வளவுதான். ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் இதைத்தான். மதகுக்காரரை விட்டுவிடுங்கள்.

அதுதான் கடைசிச் சொல்லா என்று கேட்கிறீர்கள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இல்லை. நான் ஷட்டரைத் திறக்கப் போவதைப் பார்த்தாள். என் விரல் பொத்தானின் மேல் இருந்தது, இன்னும் அழுத்தவில்லை. நான் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டால் பொறுமையாகத் திருத்துவாளே, அதே குரல்.

"படத்தை இல்லீங்க. என்னை."